காட்டின் பத்திரமும் ஊரின் கணக்கும்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துச் சிற்றூர்களில் வீட்டோடு சேர்த்துக் காடும் வாங்கிய, வாங்கப்போகிற வாசகர்கள், காட்டில் கட்டடம் வராமல் காக்கும் 'கன்சர்வேஷன் ஈஸ்மென்ட்' என்ற பத்திர ஏற்பாட்டைப் பற்றி அனுப்பிய கேள்விகள் இவை. சட்ட எண்கள் அந்த மாநிலத்துக்கு மட்டுமே பொருந்தும். எல்லை தாண்டி மாசசூசெட்ஸுக்குப் போனால் இதே ஏற்பாட்டுக்குப் பெயரே வேறு, கையெழுத்துப் போட வேண்டியவர்களும் வேறு.

கேள்வி: நாஷுவாவுக்கு மேற்கே ஒரு வீடும் 22 ஏக்கர் நிலமும் பார்த்திருக்கிறோம். அதில் 17 ஏக்கர் கன்சர்வேஷன் ஈஸ்மென்டில் இருப்பதாக முகவர் சொல்கிறார். வாங்கினால் அந்த 17 ஏக்கர் எங்களுடையதா, ஊருடையதா?

உங்களுடையதுதான். விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம், வரியும் நீங்கள்தான் கட்ட வேண்டும். ஆனால் அதை மனைகளாகப் பிரிக்கும் உரிமையும் அதில் வீடு கட்டும் உரிமையும் உங்களுக்கு வராது. முன்பு இருந்த உரிமையாளர் ஒருவர் அவற்றை ஊருக்கோ ஒரு லேண்ட் டிரஸ்டுக்கோ (நிலம் காக்கும் அறக்கட்டளைக்கோ) விற்றிருப்பார், அல்லது தானமாகக் கொடுத்திருப்பார். பெற்றுக்கொண்டவரும் அங்கே எதையும் கட்ட முடியாது. வேறு யாரும் கட்டிவிடாமல் பார்த்துக்கொள்வதே அவர் பொறுப்பு. பத்திரம் நிலத்தோடு ஒட்டியது. நிலம் எத்தனை கை மாறினாலும் கூடவே வரும்.

நம் ஊர்ப் பத்திரங்களில் 'வழிநடை பாத்தியம்' என்று படித்திருப்பீர்கள். இந்தியாவின் 1882 ஈஸ்மென்ட் சட்டப்படி, ஒரு நிலத்தின் அனுபோகத்துக்காக இன்னொரு நிலத்தின் மேல் இருப்பதே அந்த உரிமை. பயன்பெறும் நிலம் ஒன்று இருந்தே ஆக வேண்டும். கன்சர்வேஷன் ஈஸ்மென்டில் அப்படி ஒரு நிலம் தேவையில்லை. அதனால்தான் இதற்குத் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. நியூ ஹாம்ப்ஷயரில் அது ஆர்எஸ்ஏ எனப்படும் மாநிலச் சட்டத் தொகுப்பில் 477:45 முதல் 47 வரை.

முன்பணம் கட்டுமுன் கவுண்டி பத்திரப் பதிவகத்தில் புத்தக எண், பக்க எண் கொடுத்து ஈஸ்மென்ட் பத்திரத்தின் முழுப் பிரதியை எடுங்கள். விற்பனை விளம்பரத்தில் உள்ள இரண்டு வரிச் சுருக்கத்தை நம்பாதீர்கள். பத்திரத்தின் தொடக்கத்தில் நோக்கம் எழுதியிருக்கும். பின்னால் எந்தச் சந்தேகம் வந்தாலும் அந்தப் பத்தியை வைத்துத்தான் முடிவு சொல்வார்கள். அடுத்து தடைகள் வரும், அதன் பிறகு உரிமையாளர் தனக்கென்று நிறுத்திக்கொண்ட உரிமைகள். விறகு வெட்டுவது, தீவனப் புல் அறுப்பது, மேப்பிள் சாறு இறக்குவது, ஒரு கொட்டகை போடுவது போன்றவை இந்தப் பகுதியில் இருக்கும். சில உரிமைகளை 'முன்கூட்டி எழுத்தில் தெரிவித்த பிறகு' என்றும், சிலவற்றை 'ஒப்புதல் பெற்ற பிறகு' என்றும் பிரித்திருப்பார்கள். இரண்டும் ஒன்றல்ல, அந்தச் சொற்களை அடிக்கோடிட்டு வையுங்கள். கடைசியாக, பத்திரத்தை வைத்திருப்பவர் யார், அவர் கைவிட்டால் பொறுப்பேற்கும் மாற்று அமைப்பு எது என்று பாருங்கள்.

இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள்: அடிப்படை அறிக்கை. ஈஸ்மென்ட் எழுதிய நாளில் நிலம் எப்படி இருந்தது என்பதைப் படங்களோடும் வரைபடத்தோடும் பதிவுசெய்த ஆவணம் அது. நீங்கள் வாங்கும் நாளில் காட்டுக்குள் ஏற்கெனவே ஒரு கொட்டகை நின்றால், அது பழையதா, அனுமதியில்லாமல் வந்ததா என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும். மீறல் உள்ள நிலத்தை வாங்கினால் அதைச் சரிசெய்யும் செலவும் உங்கள் தலையில் விழும்.

கேள்வி: 'ஆண்டு மேற்பார்வைக்கு வருகிறோம்' என்று ஊர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. நாங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லையே. வர வேண்டாம் என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. நியாயமான முன்னறிவிப்போடு நிலத்துக்குள் வந்து பார்க்கும் உரிமை ஏறக்குறைய எல்லா ஈஸ்மென்ட் பத்திரத்திலும் இருக்கும். தப்பு நடந்திருக்கிறது என்பதால் அவர்கள் வருவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பது பொது வழக்கம். எல்சிப் என்று அழைக்கப்படும் மாநில நிலம் மற்றும் மரபுச் செல்வ நிதித் திட்டத்தின் பணத்தில் வாங்கிய ஈஸ்மென்டாக இருந்தால், ஆண்டுதோறும் பார்த்து அறிக்கை அனுப்புவது ஊரின் கடமை.

வருபவர்கள் பெரும்பாலும் ஊரின் இயற்கைக் காப்புக் குழுவான கன்சர்வேஷன் கமிஷனின் தொண்டர்கள். ஆர்எஸ்ஏ 36-ஏ சட்டப்படி 3 முதல் 7 பேர் வரை அதில் உறுப்பினராக இருக்கலாம். சம்பளம் கிடையாது. தேதி ஒத்துவராவிட்டால் வேறு தேதி கேளுங்கள், கூடவே நடங்கள். அதுதான் உங்களுக்கு மிகவும் பயன்படும். அடுத்த ஆண்டு மரம் வெட்டும் எண்ணமோ புதிதாகப் பாதை போடும் எண்ணமோ இருந்தால் அந்த நடையிலேயே சொல்லிவிடலாம். பெரும்பாலான சிக்கல்கள் பேச்சோடு தீர்ந்துபோகும் இடம் அதுதான்.

நடைக்கு ஏற்ற காலம் இலை உதிர்ந்த பிறகும் இலை விடுவதற்கு முன்பும். ஏப்ரலிலும் நவம்பரிலும் எல்லைக் கல்சுவர்கள் தெளிவாகத் தெரியும். நவம்பர் என்றால் மான் வேட்டைக் காலம். ஆரஞ்சு நிற மேலாடை இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்காதீர்கள். மே முதல் ஜூலை வரை மான் உண்ணியின் இளம் பருவம், கசகசா அளவே இருக்கும், கண்ணுக்கே தெரியாது. காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொண்டு போங்கள், திரும்பியதும் உடம்பு முழுக்கத் தேடிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கன்சர்வேஷன் கமிஷனில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ஊரின் பெயரில் 14 ஈஸ்மென்ட் இருப்பதாகச் சொல்கிறார்கள். அலமாரியில் 11 கோப்புகள்தான் கிடைத்தன. சிலவற்றில் அடிப்படை அறிக்கையும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

காட்டுக்குப் போகுமுன் பதிவகத்துக்குப் போங்கள். ஊரின் பெயரை உரிமை பெற்றவராகப் போட்டுத் தேடுங்கள். மூன்று கோப்புகள் காணவில்லை என்றால் பத்திரங்களும் காணவில்லை என்று பொருளில்லை. சில ஈஸ்மென்ட்கள் மனைப்பிரிவு ஒப்புதலின்போது, ஊரின் திட்டக் குழுவான பிளானிங் போர்டு விதித்த நிபந்தனையாக வந்திருக்கும். அவற்றின் தாள்கள் பிளானிங் போர்டு கோப்பிலேயே தங்கியிருக்கும். சிற்றூர்களில் தொலைந்ததாக நினைப்பவை பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

பிறகு ஒரே ஒரு பட்டியல் போடுங்கள். நிலத்தின் வரி வரைபட எண், பத்திரத்தின் புத்தக – பக்க எண், ஏக்கர், இன்றைய உரிமையாளர், மாற்று அமைப்பு, எந்தப் பணத்தில் வாங்கியது, முன்னறிவிப்பு எத்தனை நாள், கடைசியாக யார் எப்போது நடந்து பார்த்தார் என்பவை எல்லாம் அதில் இருக்க வேண்டும். எந்தப் பணம் என்ற கேள்விக்குக் கூடுதல் கவனம் தேவை. 1987இல் தொடங்கிய மாநிலத்தின் நிலப் பாதுகாப்பு முதலீட்டுத் திட்டத்தில் வாங்கியவையும், பின்னர் எல்சிப் பணத்தில் வாங்கியவையும் ஊருக்குத் தனிக் கடமைகளைச் சுமத்துகின்றன. அந்தப் பழைய திட்டத்து ஈஸ்மென்ட்களுக்கு மாநில அலுவலகம் மேற்பார்வைப் பயிற்சியும் உதவியும் தருகிறது. கேட்டுப் பெறுங்கள்.

அடிப்படை அறிக்கை இல்லாத நிலத்துக்குப் பழைய தேதி போட்டு இன்று ஒன்றை எழுதக் கூடாது. அது பொய் ஆவணமாகிவிடும். 'இன்றைய நிலை அறிக்கை' என்று தலைப்பிட்டு, இன்றைய தேதியோடு எழுதுங்கள். கிடைத்தால் ஈஸ்மென்ட் எழுதிய ஆண்டுக்கு அருகிலான வான்படத்தையும் சேருங்கள். உரிமையாளரும் ஊரும் கையெழுத்திட வேண்டும். உரிமையாளர் மறுத்தால் பதிவுத் தபாலில் ஒரு பிரதி அனுப்பி, அனுப்பிய சீட்டைக் கோப்பில் வையுங்கள்.

படம் எடுப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நாற்பது மரப் படங்கள் இருந்தும், எது எங்கே எடுத்தது என்று தெரியாவிட்டால் நீதிமன்றத்தில் அவை வெறும் மரங்கள். நிலையான படப் புள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள்: எல்லை மூலைகள், கல்சுவர்ச் சந்திப்பு, பாதை உள்ளே நுழையும் இடம், ஏற்கெனவே உள்ள கட்டடங்கள், பக்கத்து வீடுகள் நெருங்கி வரும் ஓரம். ஒவ்வொரு புள்ளிக்கும் எண், ஆயத்தொலை, கேமரா பார்த்த திசை, தேதி, எடுத்தவர் பெயர் எழுதுங்கள். அடுத்த ஆண்டு அதே இடத்தில் நின்று அதே திசையில் எடுக்க வேண்டும். கைபேசி ஜிபிஎஸ் அடர்ந்த மரங்களுக்கடியில் 20, 30 அடி வரை தள்ளிக் காட்டும். எல்லைத் தகராறுக்கு அது உதவாது. வரி வரைபடமும் உதவாது, அது வரி விதிக்க வரைந்தது. எல்லைக்கு ஆதாரம் பதிவான சர்வே வரைபடமும் நிலத்தில் நட்ட இரும்புக் கம்பியும் கல்லும்தான்.

நடக்கும்போது நடுக்காட்டைவிட ஓரங்களில் நேரம் செலவிடுங்கள். மீறல் அங்கேதான் தொடங்கும். பக்கத்து வீட்டுக்காரர் புல்தரையை ஆண்டுக்கு மூன்றடி நீட்டிக்கொண்டே வருவார், இலைக்குப்பையைச் சுவருக்கு அப்பால் தள்ளுவார், பிறகு விறகுக் குவியல், அப்புறம் ஊஞ்சல், கடைசியில் கொட்டகை. மூன்றடியில் பார்த்தால் ஒரு வார்த்தை போதும். கொட்டகையில் பார்த்தால் வக்கீல் தேவைப்படும். ஆண்டுதோறும் நடக்க வேண்டும் என்று நாங்கள் அழுத்திச் சொல்வது இதற்காகத்தான்.

காட்டுக்குள் போகாமலேயே ஊர் அலுவலகத்தில் பிடிக்கக்கூடிய தகவல்களும் உண்டு. விற்பனைக்காக மரம் வெட்டுபவர் வேலை தொடங்குமுன் 'இன்டென்ட் டு கட்' என்ற, வெட்டப்போவதை அறிவிக்கும் படிவத்தை ஊருக்குக் கொடுக்க வேண்டும். வெட்டிய மரத்தின் மதிப்பில் 10 சதவீதம் வரியும் அதை வைத்தே கணக்கிடுவார்கள். அந்தப் படிவம் வரும் மேசையில் உங்கள் 14 வரைபட எண்களையும் ஒட்டி வையுங்கள். கட்டட அனுமதி, சாலையிலிருந்து நுழைவழி அனுமதி, மனைப்பிரிவு மனு வரும் மேசைகளிலும் அதே பட்டியல் இருக்கட்டும். நிலம் கைமாறியதாகத் தகவல் வந்த அன்றே புதிய உரிமையாளருக்கு ஒரு வரவேற்புக் கடிதமும் பத்திரப் பிரதியும் அனுப்புங்கள். ஈஸ்மென்டைத் தானே எழுதிக் கொடுத்தவர் அதை மீறுவது அரிது. பத்திரத்தைப் படிக்காமல் வாங்கிய இரண்டாம், மூன்றாம் உரிமையாளர் காலத்தில்தான் தொல்லை வருகிறது.

ஈஸ்மென்ட் கமிஷனுக்குச் சொந்தமில்லை, ஊருக்குச் சொந்தம் என்பதையும் நினைவில் வையுங்கள். கையெழுத்தும் வழக்கும் ஊரின் நிர்வாகக் குழுவான செலக்ட் போர்டின் கையில். கமிஷன் பார்த்து, எழுதி, பரிந்துரைக்கும். தொண்டர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள் என்பதால் மூலப் பிரதிகளை யாருடைய வீட்டிலும் வைக்காதீர்கள். ஊர் அலுவலகத்தின் தீக்காப்புப் பெட்டகத்தில் ஒன்று, மின்பிரதி வேறிடத்தில் ஒன்று. 14 நிலத்தையும் நடக்க ஆள் இல்லாவிட்டால் வட்டார லேண்ட் டிரஸ்டுக்கு மேற்பார்வையை ஒப்பந்தமாகக் கொடுக்கலாம். அது கௌரவக் குறைச்சல் அல்ல.

கேள்வி: பக்கத்து நிலத்துக்காரர் எங்கள் ஈஸ்மென்ட் காட்டுக்குள் மரங்களை வெட்டி, கல்சுவரையும் பிரித்து வழி போட்டுவிட்டார். இப்போது ஊர் எங்கள் மேல் பாயுமா?

நீங்கள் பார்த்தவுடன் ஊருக்குச் சொன்னால் பாயாது. சும்மா இருந்தால் உங்களையும் சேர்த்துக் கேட்பார்கள். இன்றே படம் எடுங்கள், வெட்டுக்கட்டைகளை எண்ணி ஒவ்வொன்றின் விட்டத்தையும் அளந்து எழுதுங்கள். கட்டைகளை அப்புறப்படுத்த வேண்டாம், அவைதான் சாட்சி.

பிறர் நிலத்தில் மரம் வெட்டியவர் மரத்தின் சந்தை மதிப்பைப் போல மூன்று முதல் பத்து மடங்கு வரை கொடுக்க நேரிடும் என்கிறது ஆர்எஸ்ஏ 227-ஜே:8. எல்லைக் கல்சுவரை எடுத்ததற்குத் தனியாக ஆர்எஸ்ஏ 539:4 இருக்கிறது. சுவரைத் திரும்பக் கட்டும் செலவின் மூன்று மடங்கு அது. இந்த வழக்குகளை நிலத்துக்காரராக நீங்கள் தொடரலாம். ஈஸ்மென்ட் மீறலை ஊர் தன் பங்குக்குத் தொடரும்.

ஊரின் நடைமுறை வழக்கமாக இப்படிப் போகும். முதலில் தொலைபேசி, நேரில் ஒரு சந்திப்பு. பிறகு எந்தப் பத்தி மீறப்பட்டது, என்ன செய்து சரிசெய்ய வேண்டும் என்று சொல்லும் கடிதம், பதிவுத் தபாலில். பல பத்திரங்களில் சரிசெய்ய 30 நாள் அவகாசம் இருக்கும். அதற்கும் அசையாவிட்டால் ஊர் வக்கீல் வழியாகத் தடையாணை. முதல் நாளே வக்கீல் கடிதம் அனுப்பும் ஊர்கள் தேவையில்லாமல் ஒரு பகையை விலைக்கு வாங்குகின்றன. ஆனால் வாய்ப்பேச்சோடு விட்டு எதையுமே எழுதாத ஊர்கள் அதைவிடப் பெரிதாக இழக்கின்றன. பேசியதையும் அன்றே தேதியிட்டுக் கோப்பில் எழுத வேண்டும்.

'இதெல்லாம் நீதிமன்றத்தில் நிற்குமா?' என்று பலர் கேட்கிறார்கள். கனெக்டிகட் மாநிலத்தின் லைம் என்ற சிற்றூரில், உண்ணி பரப்பும் நோய்க்குப் பெயர் தந்த அதே லைமில்தான், ஓர் உரிமையாளர் ஈஸ்மென்டில் இருந்த புல்வெளியில் மேல்மண் கொட்டி, நீர்தெளிப்புக் குழாய் பதித்து, செதுக்கிய புல்தரையாக மாற்றினார். கட்டடம் எதுவும் கட்டவில்லை. ஊர் லேண்ட் டிரஸ்ட் வழக்குப் போட்டது. அது மீறல்தான் என்று 2017இல் மாநில உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. புல்தானே என்று எண்ணுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: ஈஸ்மென்ட் பகுதியில் காய்கறிக்குப் பிளாஸ்டிக் பசுமைக்குடில் போடலாமா? சூரியத் தகடு வைக்கலாமா?

பசுமைக்குடில் பெரும்பாலும் முடியும். வேளாண்மைக்கு இடம் தரும் பத்திரம் என்றால் அதற்கான துணைக் கட்டமைப்பு என்று எழுத்தில் அனுமதி கேளுங்கள். அளவு, இடம், ஒரு கைவரைபடம் போதும். சூரியத் தகடு பற்றிப் பழைய பத்திரங்கள் பேசுவதே இல்லை. வீட்டைச் சுற்றி ஈஸ்மென்டுக்கு வெளியே விட்ட பகுதியில் வைத்தால் இந்தக் கேள்வியே எழாது. பத்திரத்தையே திருத்தச் சொல்லிக் கேட்பதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். மாநில அட்டர்னி ஜெனரலின் அறக்கட்டளைப் பிரிவு இத்தகைய திருத்தங்களைக் கூர்ந்து பார்க்கிறது, நிலத்தின் பாதுகாப்பு குறையும் எந்தத் திருத்தத்துக்கும் ஊர் எளிதில் தலையசைக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் 40 ஏக்கரை ஊருக்கு ஈஸ்மென்டாகக் கொடுக்க விரும்புகிறோம். என்னென்ன வேலை, யார் செலவு?

நல்ல எண்ணம். அவசரப்படாமல் ஓராண்டு ஒதுக்குங்கள்.

அடமானம் இருந்தால் வங்கியிடம் முதலில் போங்கள். வங்கி தன் உரிமையை ஈஸ்மென்டுக்குப் பின்னால் நிறுத்தி எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் கடன் முறியும் நாளில் ஏலத்தோடு ஈஸ்மென்டும் அழியும், வரிச் சலுகையும் கிடைக்காது. கடைசி வாரத்தில் எல்லாம் நின்றுபோவது பெரும்பாலும் இந்தக் கையெழுத்துக்காகத்தான்.

அடுத்து சர்வே, வில்லங்கம் பார்த்தல், பத்திர வரைவு, அடிப்படை அறிக்கை. வரைவில் 'சிறிய', 'வழக்கமான' போன்ற சொற்களை விடாதீர்கள். சிறிய கொட்டகை என்றால் ஒருவருக்கு 200 சதுர அடி, இன்னொருவருக்கு 2,000. எண்ணாக எழுதுங்கள். பிள்ளைகளுக்கு எதிர்காலத்தில் ஒரு வீடு வேண்டும் என்று தோன்றினால் அந்த இடத்தை இப்போதே அளந்து வெளியே விட்டுவிடுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது.

தானமாகக் கொடுத்தால் மத்திய வருமான வரியில் கழிவு உண்டு. ஆண்டுக்கு வருமானத்தின் 50 சதவீதம் வரை கழிக்கலாம், தகுதியுள்ள விவசாயி 100 சதவீதம் வரை. மீதியை அடுத்த 15 ஆண்டுகளுக்குக் கொண்டுபோகலாம். ஈஸ்மென்டுக்கு முன் நிலத்தின் மதிப்பு, பின் மதிப்பு இரண்டையும் தகுதிபெற்ற மதிப்பீட்டாளர் கணக்கிட வேண்டும். எடுத்துக்காட்டுக்கு, முன் 4 லட்சம் டாலர், பின் 1.5 லட்சம் என்றால் தானத்தின் மதிப்பு 2.5 லட்சம். மதிப்பீட்டின் தேதி தானத்துக்கு 60 நாளுக்கு மேல் முந்தியதாக இருக்கக் கூடாது. பத்திரம் பதிவாவது தள்ளிப்போய் இந்தக் கெடு தப்பிப்போனவர்கள் மீண்டும் மதிப்பீட்டுக்குப் பணம் கட்ட நேரும்.

ஊர் விலை கொடுத்து வாங்குவதாக இருந்தால் பணம் பெரும்பாலும் கன்சர்வேஷன் நிதியிலிருந்து வரும். காடாகவோ விளைநிலமாகவோ இருக்கும்வரை குறைந்த வரி விதிக்கும் 'கரன்ட் யூஸ்' திட்டத்தில் இருந்த நிலத்தை யாராவது வீடாக மாற்றும்போது சந்தை மதிப்பில் 10 சதவீதம் கட்ட வேண்டும். அதில் எவ்வளவு இந்த நிதிக்குப் போகும் என்பதை ஊர்க் கூட்டம் வாக்களித்து முடிவுசெய்யும். இந்த நிதி ஆண்டு முடிவில் காலாவதியாவதில்லை. நிலத்துக்காகச் செலவிடுமுன் கமிஷன் பொது விசாரணை நடத்த வேண்டும். அறிவிப்பு 10 நாள் முன்பே வர வேண்டும், அறிவித்த நாளும் விசாரணை நாளும் அந்தப் பத்தில் சேராது. எண்ணிக்கையில் ஒரு நாள் தவறினாலும் மறுபடி முதலிலிருந்துதான்.

ஊர் உங்களிடம் பராமரிப்பு நிதிக்கும் ஒரு தொகை கேட்கலாம். அதற்குக் காரணம் இருக்கிறது. ஆண்டு நடைக்கும் அறிக்கைக்கும் 300 டாலர் ஆகும் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 4 சதவீதம் எடுக்கும் முதலீட்டில் 7,500 டாலர் இருந்தால்தான் அந்த 300 என்றென்றைக்கும் வரும். வழக்குச் செலவு தனி. ஈஸ்மென்டை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டு பராமரிப்புக்கு ஒரு டாலரும் ஒதுக்காத ஊருக்கு உங்கள் காட்டைக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்வோம். அப்படிப்பட்ட ஊர் என்றால் லேண்ட் டிரஸ்டிடம் கொடுத்து, ஊரை மாற்று அமைப்பாகப் போடுங்கள்.

கேள்வி: ஈஸ்மென்ட் வந்தால் ஊருக்கு வரி வருமானம் குறையாதா? மற்றவர்கள் எங்களைத் திட்ட மாட்டார்களா?

விற்பனை வரியும் சம்பளத்தின் மேல் வரியும் இல்லாத மாநிலம் என்பதால் இங்கே எல்லாப் பேச்சும் சொத்து வரியில் வந்து நிற்கும். ஆனால் 10 ஏக்கருக்கு மேற்பட்ட காடு பெரும்பாலும் ஏற்கெனவே கரன்ட் யூஸில் இருக்கும், அதன் வரி இன்றே குறைவு. ஈஸ்மென்டால் இன்றைய வரியில் பெரிய மாற்றம் வராது. கரன்ட் யூஸில் நீங்கள் இன்னும் சேரவில்லை என்றால் விண்ணப்பக் கெடு ஏப்ரல் 15.

கேள்வி: ஈஸ்மென்ட் என்றால் ஊர் மக்கள் எல்லாரும் எங்கள் காட்டில் நடக்கலாமா? வேட்டைக்காரர்களும் வருவார்களா?

ஈஸ்மென்ட் தானாகவே நிலத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடாது. பொதுப்பணத்தில் வாங்கிய ஈஸ்மென்ட் என்றால் நடந்துபோக அனுமதி பெரும்பாலும் பத்திரத்திலேயே இருக்கும். தானமாகக் கொடுத்தவற்றில் பல இடங்களில் இருக்காது. பத்திரம் தடுக்காவிட்டால் 'நுழையாதே' பலகை வைப்பது உங்கள் விருப்பம். பலகை வைக்காத காட்டில் நடப்பதும் வேட்டையாடுவதும் இந்த மாநிலத்தின் நெடுநாள் வழக்கம். காட்டுப் பாதையில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி (ஏடிவி) போன்ற மோட்டார் வாகனங்கள் வேறு கதை, அவற்றுக்கு உங்கள் எழுத்துமூல அனுமதி வேண்டும். அனுமதி கொடுக்குமுன் பத்திரத்தைப் பாருங்கள்: பனிச்சறுக்கு வண்டியை மட்டும் அனுமதித்து மற்றவற்றைத் தடுத்திருக்கும் பத்திரங்கள் நிறைய.